வரவேற்பு நீராட்டு

ராஜகுமாரியின் காருக்கு எங்கே நிற்பது என்பதில் நல்ல ரசனை உண்டு. ஆளில்லாத சாலையில் அது ஒருநாளும் நின்றதில்லை. ஆவடி மார்க்கெட் சிக்னல், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப், முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசல் என்று கூட்டம் பார்த்துத்தான் நிற்கும். முதலில் ஒரு விக்கல். டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு கண்ணைச் சிமிட்டும். அவ்வளவுதான், மூச்சு அடங்கிவிடும். சாவியைத் திருகினால் இருமும், எழுந்திருக்காது. பின்னால் நிற்கிற அத்தனை ஹாரன்களும் அவள் பிறந்த வேளையை விசாரிக்கும். நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டு, "பாத்து ஓட்டுமா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கால் மணி கழித்துத் திருகினால், தொட்டிலில் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு கிளம்பும். மஞ்சள் விளக்கு இருந்த இடமே தெரியாது.

ராஜகுமாரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பது வயதில். லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் எட்டு போடச் சொன்னார்கள். முதல் தடவை ஆறு போட்டாள். இரண்டாவது தடவை, எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத ஓர் எண்ணைப் போட்டாள். மூன்றாவது தடவை இன்ஸ்பெக்டரே கண்ணை மூடிக்கொண்டு, "எட்டுதான், எட்டுதான், எறங்குங்க" என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் திருமழிசை தாண்டி, குத்தம்பாக்கம் புது பஸ் நிலையத்துப் பக்கம் அகலமான ரோட்டில் நாலாவது கியரைப் போடும்போது அவளுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தீர்ந்துவிடுமோ என்று பயம்.

கணவர் பரந்தாமன் பூர்வீகமாகவே அம்பத்தூர்க்காரர். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. அந்தக் குறையை இடது சீட்டில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்வார். எதிரே நாய் வந்தால் அவருடைய வலது கால் தரையில் பிரேக் போடும். அவர் பக்கத்துக் கால்மிதி இரண்டு முறை தேய்ந்து மாற்றியாகிவிட்டது.

கார் அம்பத்தூர் ஓ.டி.யில் நின்ற நாளில் அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"இதோ பாரு ராஜி. வண்டி நல்ல வண்டி. உன் காலு தான் கிளட்ச்சுல குடித்தனம் நடத்துது. இன்னொரு தபா நடு ரோட்ல நின்னுச்சுன்னா, சாவிய எத்திராஜு கையில குட்துடுவேன். கோச்சுக்காத."

எத்திராஜ் அவருடைய தம்பி. டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவன். "அண்ணி, உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த ரோதன? ஒரு போன் போட்டா நான் வந்து இட்டுகினு போவ மாட்டேனா?" என்று பாசத்தோடு காரின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"கிளட்ச் இல்லங்க. வண்டியில தான் ஏதோ கோளாறு" என்றாள் ராஜகுமாரி.

"விளக்கு எரியுதா?"

"இப்ப எரியல."

"அப்ப?"

இந்த 'அப்ப?'வுக்குப் பதில் தேடித்தான் அவள் நிறைகுடம் மோட்டார்ஸுக்குப் போனாள்.

நிறைகுடம் மோட்டார்ஸ், கார் கம்பெனியே அங்கீகரித்த சர்வீஸ் சென்டர். வாசலில் ஆள் உயரத்துக்குப் பித்தளையில் ஒரு நிறைகுடம். அதன் மேலே, 'இங்கே குறைகள் இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். ராஜகுமாரி அதை வாக்குறுதி என்று நினைத்துக்கொண்டாள். அது வெறும் தகவல் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வெள்ளைக் கையுறை போட்ட ஓர் இளைஞன் கதவைத் திறந்துவிட்டான்.

"வணக்கம் மேடம். என் பேர் கிரண். நான் உங்க உறவுப் பாலம்."

"யாருக்கும் யாருக்கும் தம்பி?"

"உங்களுக்கும் உங்க காருக்கும் மேடம்."

அந்த உறவு கெட்டுப்போன கதையை அவள் சொன்னாள். விக்கல், மஞ்சள் விளக்கு, இருமல், கால் மணி கழித்து வரும் சிரிப்பு, எல்லாம். கிரண் உருக்கமாகக் கேட்டான். நடுவில் இரண்டு முறை "புரியுது மேடம்" என்றான். பிறகு பின்னால் திரும்பிக் கையைத் தட்டினான். நீல உடுப்பில் நாலு பேர் நுரைக் குழாயோடு ஓடிவந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா தம்பி பண்றாங்க?"

"வரவேற்பு நீராட்டு மேடம். எங்க வாசல் மிதிக்கிற எந்த வண்டியும் குளிக்காம உள்ள போகக் கூடாது. என்ஜினையும் திறந்து தண்ணி அடிச்சு, ஊதிக் காய வெச்சு, ஏசி கூடத்துல ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க விடுவோம். அப்புறம் நினைவுத் தூய்மை."

"அது இன்னாது?"

"வண்டிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு மேடம். எங்க எப்ப என்ன கோளாறு வந்துச்சுன்னு பழைய குறிப்பெல்லாம் அதுல தேங்கிக் கெடக்கும். அதையெல்லாம் சுத்தமா அழிச்சிடுவோம். மனசுல பாரம் இருக்கக் கூடாது பாருங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன கோளாறுன்னு தேடுவோம்."

ராஜகுமாரிக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் கையுறை போட்டவர்கள் சொல்லும்போது இடிப்பது நம் தலையாகத்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மாலையில் ஒரு வெண்கல மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிரண் ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்தான்.

"வாழ்த்துகள் மேடம்! குறை ஏதும் காணப்படவில்லை!"

காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: சாத்தியமான காரணம், ஓட்டுநர்.

பரந்தாமன் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

ராத்திரியே கிரணிடமிருந்து போன். "மேடம், எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"கோளாறு அப்படியே தானப்பா கீது. ஒரு ஒம்போது போட்டுக்கோ."

அந்தப் பக்கம் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "அக்கா, ஒம்போதுன்னா எங்களுக்கு சைபர் கணக்குக்கா. ஒம்போது வாங்கினவங்களை புன்னகை முகாமுக்கு அனுப்புவாங்க. போன தடவை போய்ட்டு வந்து ஒரு வாரம் தாடையை மூட முடியல."

பாவம், யார் பெற்ற பிள்ளையோ. ராஜகுமாரி பத்து போட்டாள்.

அடுத்த வாரம் அவள் வேலை பார்க்கும் கம்பெனி வாசலிலேயே கார் நின்றது. நடு ரோடு இல்லை, வாசல்தான் என்பதால் எத்திராஜ் கணக்கில் அது சேராது என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். இந்த முறை அவள் உஷார். கால் மணி காத்திருக்கவில்லை. செத்த வண்டியைச் செத்தபடியே காட்ட வேண்டும் என்று ரெக்கவரி வண்டியை வரவழைத்து, அதில் ஏற்றிக்கொண்டு போனாள். மஞ்சள் விளக்கு எரிவதையும் என்ஜின் இருமுவதையும் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டாள்.

ரெக்கவரி வண்டியிலிருந்து கார் இறங்கியது. கிரண் கையைத் தட்டினான்.

"தம்பி, தம்பி! இப்ப வேணாம்பா! இப்ப தான் கோளாறோட கீது, இப்பவே பாரு!"

"கட்டாயம் பார்ப்போம் மேடம். குளிச்சிட்டு வரட்டும்."

குளித்துவிட்டு வந்தது. சிரித்துக்கொண்டு கிளம்பியது. மணி அடித்தது. கைதட்டினார்கள்.

ராஜகுமாரி பொது மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றாள். பெயர் விக்ரம். கண்ணாடி அறையில், வரிசையாக விருதுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வீடியோவைப் பொறுமையாக முழுதும் பார்த்தார்.

"மேடம், இது வண்டி நின்னுபோனதுக்கு ஆதாரம் இல்ல. நிக்கிற வண்டியோட படம். எங்க ஷோரூம்ல இருக்கிற புது வண்டியும் படத்துல இப்படித்தான் நிக்கும்."

"வெளக்கு எரியுதே சார்?"

"அழகா எரியுது. விளக்கு நல்லா வேலை செய்யுதுன்னு குறிச்சுக்கறேன்." அவர் குறித்துக்கொண்டார். "குறைன்னா என்ன மேடம்? எங்க ரெண்டு அதிகாரிகள் கண் முன்னாடி, வேலை நேரத்துல, எங்க வளாகத்துக்குள்ள நடக்கணும். மத்ததெல்லாம் அனுபவம். உங்க அனுபவத்தை நாங்க மதிக்கிறோம்."

மதித்ததற்கு அடையாளமாக அவளை 'ஓட்டுநர் நற்பழக்க முகாமில்' சேர்த்துவிட்டார்.

முகாமுக்குப் பரந்தாமனும் ஆசையோடு கூட வந்தார். பாடம் நடத்தியவர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். சாவியை அன்போடு திருக வேண்டும், கிளட்ச்சைக் கோபத்தோடு மிதிக்கக் கூடாது, வண்டியைத் திட்டினால் அதற்குக் கேட்கும் என்றெல்லாம் சொன்னார். நடுநடுவே கேள்வி கேட்டார். ராஜகுமாரி யோசித்துப் பதில் சொல்வதற்குள் பரந்தாமன் கையைத் தூக்கிவிட்டார். மேட்டில் எந்த கியர், மழையில் எவ்வளவு இடைவெளி, எல்லாவற்றுக்கும் சரியான விடை. கார் வந்த நாளிலிருந்து இடது பக்கத்திலிருந்தே ஓட்டியவர் இல்லையா? முடிவில் அவருக்குச் 'சிறந்த ஓட்டுநர்' என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள். லைசென்ஸே இல்லாத மனிதர், அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். ராஜகுமாரிக்கு 'முயற்சி செய்தவர்' என்று ஒரு பேனா கொடுத்தார்கள். அது எழுதவில்லை.

இந்த இடத்தில் ராஜகுமாரியின் இன்னொரு கோளாறையும் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்தொன்று. கொஞ்ச நாளாகத் திடீர் திடீரென்று, நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி ஓர் அனல் கிளம்பும். கழுத்து, முகம், காது மடல் எல்லாம் பற்றி எரியும். முதுகில் வேர்வை ஆறாக ஓடும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும்.

"ஏங்க, ரொம்ப அனலா கீதுங்க" என்பாள்.

"நல்லா தான காத்து வர்து" என்பார் பரந்தாமன், பேப்பரை இறக்காமல்.

டாக்டரிடமும் போனாள். அங்கே ஏசி. வெளியே எரிந்த உடம்பு, உள்ளே நுழைந்ததும் சமத்தாகிவிடும். டாக்டர் தொட்டுப் பார்த்தார், அளந்து பார்த்தார். "எல்லாம் நார்மல்மா. இந்த வயசுல கொஞ்சம் மனசை அமைதியா வெச்சுக்கணும்" என்றார். மணி மட்டும்தான் அடிக்கவில்லை.

கோடை வெயிலில் கார் மறுபடி முனகத் தொடங்கியது. விக்கும், ஆனால் நிற்காது. நிற்பதற்குள் காட்டிவிடலாம் என்று அவள் நிறைகுடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். எஸ்டேட் சாலையைத் தாண்டும்போதே அவளுக்கும் அனல் கிளம்பிவிட்டது. முகம் செக்கச்செவேல் என்று எரிய, சாவியைக் கிரண் கையில் போட்டுவிட்டு ஓய்வறைக்குள் ஓடினாள். ஏசிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கார். பானட்டைத் திறந்து வைத்து, ஜில்லென்று தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவி பறந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் காருமாக, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆறிக்கொண்டிருந்தார்கள்.

ராஜகுமாரி மெதுவாக எழுந்து கண்ணாடியில் கை வைத்தாள்.

"அடியே," என்றாள் காரைப் பார்த்து. "உனக்கும் அதேவா?"

காலையில் ஒருநாளும் நின்றதில்லை. மார்கழியில் நின்றதில்லை. ஓடி ஓடிச் சூடேறி, நெரிசலில் மாட்டிக் காற்றில்லாமல் புழுங்கும்போதுதான் நின்றிருக்கிறது. கால் மணி ஆறினால் எழுந்துவிடும். இங்கே வந்ததும் குளிப்பாட்டி ஆற வைக்கிறார்கள். அதற்கு ஞாபகத்தில் இருக்கிற வேதனையையும் அழித்துவிடுகிறார்கள். அப்புறம் உனக்கு என்னம்மா என்று கேட்டால் அது என்ன சொல்லும்? எல்லாம் நார்மல் என்றுதான் சொல்லும்.

நேராக விக்ரம் அறைக்குப் போனாள். தன் உடம்புக் கதையை அந்த மனிதரிடம் சொல்ல முடியுமா? தொழில் கதையைச் சொன்னாள்.

"சார், எங்க கம்பெனில சட்டையில கறை கீதான்னு தொவைக்கறதுக்கு முந்தி தான் பார்ப்போம். தொவைச்சு இஸ்திரி போட்ட அப்புறம் கறையைத் தேடுனா கிடைக்குமா? வண்டி சூடா இருக்கும்போது, குளிப்பாட்டாம, அந்தக் குறிப்பை அழிக்காம, ஒரே ஒரு தபா பாருங்க சார்."

விக்ரம் எழுந்து நின்றார். விருதுகளைக் காட்டினார்.

"மேடம், நான் வர்றதுக்கு முன்னாடி இந்த சென்டர் எப்படி இருந்துச்சு தெரியுமா? தினமும் டஜன் கணக்குல குறை கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. வர்ற வண்டியில எல்லாம் குறை! எந்த வாடிக்கையாளர் எங்களை நம்புவார்? நான் வந்தேன். பின்னாடி இருந்த நீராட்டை முன்னாடி கொண்டு வந்தேன். முன்னாடி இருந்த தேடுதலைப் பின்னாடி தள்ளினேன். படிப்படியா குறைஞ்சு, இன்னைக்கு மூணு வருஷமா பூஜ்யம். தெற்கு மண்டலத்துலயே குறை காணாத ஒரே சென்டர் நாங்கதான். இதுல உங்க ஒருத்தருக்காக ஒரு குறையைக் கண்டுபிடிச்சா, அது மத்த வாடிக்கையாளர்களுக்குச் செய்ற துரோகம் இல்லையா?"

ராஜகுமாரிக்கு ஒரு நிமிடம், 'மன்னிச்சிடுங்க சார்' என்று வாய் வரை வந்துவிட்டது. அவ்வளவு நியாயமாகப் பேசினார் மனிதர்.

"ஆனா உங்களை நாங்க மறக்கல," என்று விக்ரம் குரலைத் தாழ்த்தினார். "இந்த வருஷம் எங்க சென்டருக்கு அதிக தடவை வந்த கார் உங்களோடதுதான். அன்பு இல்லாமலா திரும்பத் திரும்ப வரும்? வர்ற வெள்ளிக்கிழமை விருது விழா. மண்டலத் தலைவர் ராகவன் சார் வர்றார். பூந்தமல்லியில ஓட்டல்ல தங்குறார். அவரை உங்க கார்ல, நீங்களே ஓட்டிக்கிட்டு வந்து இறக்கணும். 'நம்பிக்கை வாடிக்கையாளர்' விருது உங்களுக்கு."

ராஜகுமாரி கைப்பையில் கிடந்த அந்த எழுதாத பேனாவைப் பார்த்தாள். விருதுகளைப் பார்த்தாள். எந்த ரோட்டில் நின்றாலும் சாவி எத்திராஜுக்கு. நிற்காமல் போனால் இந்த ஜென்மத்துக்கும் அவள்தான் கோளாறு.

"வரேன் சார். எங்க வீட்டுக்காரரும் கூட வருவாரு."

வெள்ளிக்கிழமை உச்சி வெயில். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ரோட்டில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. பின் சீட்டில் ராகவன், கோட்டு சூட்டோடு. இடது சீட்டில் பரந்தாமன், வெள்ளை வேட்டியோடு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு. வாழ்க்கையில் முதல்முறையாக ராஜகுமாரி, கார் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஓட்டினாள்.

'தாயே, வேம்புலியம்மா. நிறுத்தும்மா. இவரு பார்க்க ஒரு தபா நிறுத்தும்மா.'

காரா நிற்கும்? கரையான்சாவடி நெரிசலில் நிற்கவில்லை. பருத்திப்பட்டில், "சார், இளநி சாப்புட்றீங்களா?" என்று வேண்டுமென்றே வெயிலில் நிறுத்தி, அணைத்து, மறுபடி திருகினாள். பூப்போல எழுந்தது. ஆவடி மார்க்கெட் சிக்னல், அவள் மானம் போன அதே இடம், அதே சிவப்பு விளக்கு. சும்மா நின்று, சும்மா கிளம்பியது.

"வண்டி வெண்ணெய் மாதிரி போகுதே மேடம்," என்றார் ராகவன். "இதுலயா குறைன்னு சொன்னீங்க?"

"அத்த தான் சார் நானும் சொல்றேன்," என்றார் பரந்தாமன், முன்னாலிருந்தே.

அம்பத்தூர் ஓ.டி.யும் போயிற்று. எஸ்டேட் வந்துவிட்டது. ராஜகுமாரி வேம்புலியம்மனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

நிறைகுடம் மோட்டார்ஸ் வாசலில் தோரண வளைவு, பேண்டு வாத்தியம், ஆரத்தித் தட்டு. வளைவுக்குக் கீழே, சரியாக கேட் கோட்டின் மேல், விக்ரம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"என்ஜினை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க மேடம். வண்டி ஓடிக்கிட்டே வர்ற மாதிரி வீடியோ வேணும்."

ராஜகுமாரி நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, இரண்டு காலையும் எடுத்துக் கீழே வைத்துக்கொண்டாள். விக்ரம் மைக்கைப் பிடித்தார். நிறைகுடத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். வெயில் தகரம் மாதிரி கொதித்தது. ஏசி முழு வேகத்தில் ஓட, காற்றுப் புகாத கூட்டத்துக்கு நடுவில் என்ஜின் உறுமிக்கொண்டே நின்றது. "மூன்று ஆண்டுகளாக ஒரே ஒரு குறைகூட..." என்று விக்ரம் குரலை உயர்த்தினார்.

ஒரு விக்கல்.

மஞ்சள் விளக்கு. அடங்கியது.

விக்ரம் ஒரு கணம் திகைத்தார். பிறகு மைக்கில் கைதட்டினார். "பாருங்கள்! மண்டலத் தலைவருக்கு மரியாதை செலுத்தும் விதமாக வண்டி தானாகவே நின்றுவிட்டது!"

பேண்டு முழங்கியது. ராஜகுமாரி சாவியைத் திருகினாள். இருமல். மறுபடி திருகினாள். இருமல். பின் சீட்டில் ஏசி இல்லாமல் ராகவனின் கோட்டுக்குள் வேர்வை இறங்க ஆரம்பித்தது. ஜன்னல் வழியாகக் கிரணின் முகம் தெரிந்தது. பழக்க தோஷத்தில் அவன் கையைத் தட்டிவிட்டான். நாலு பேர் நுரைக் குழாயோடு ஓடிவந்தார்கள்.

ராஜகுமாரி கதவைத் திறந்து குதித்தாள். ஓடிப்போய் பானட்டின் மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றாள். தகடு சுட்டது. அந்த நேரம் பார்த்து அவளுக்குள்ளும் அடுப்பு பற்றிக்கொண்டது.

"ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சு, அப்புறம் தெரியும் சேதி! மொதல்ல உள்ள இருக்கிறதைப் படிங்க!"

குழாய்க்காரர்கள் நின்றுவிட்டார்கள். நுரை தரையில் சொட்டியது.

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க," என்று விக்ரம் மைக்கை மூடிக்கொண்டு வந்தார். "இது வளாகத்துக்குள்ள நடந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? பின் சக்கரம் ரோட்டுல இருக்கு. அது மாநகராட்சி எல்லை."

"முன் சக்கரம் உள்ள கீதே!"

"அப்போ பாதிக் குறைன்னு வேணா..." விக்ரம் தலைவரைப் பார்த்தார். ராகவன் இறங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ஜின் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார் அவர், தெற்கு மண்டலத்துக்கே கார் விற்கிற மனிதர்.



"முன்னாடி சார்," என்றான் கிரண். சொல்லிவிட்டுத் தன் தாடையைத் தடவிக்கொண்டான். பிறகு யாரையும் கேட்காமல் பணிமனைப் பக்கம் திரும்பி, "ரசாக் பாய்! ஸ்கேனரை எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினான்.

அப்துல் ரசாக் வந்தார். வாடிக்கையாளர் கண்ணில் கிரீஸ் கை படக் கூடாது என்பதால் இதுவரை அவரை யாரும் பார்த்ததில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் வயரைச் செருகினார். திரையைப் பார்த்தார்.

"கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார். சிக்னல் வரல."

"அப்டின்னா இன்னாங்க?" என்றாள் ராஜகுமாரி, பானட்டிலிருந்து முதுகை எடுக்காமல்.

"என்ஜின் உள்ள வால்வைத் திறந்து மூடுற ஒரு தண்டு சுத்துதும்மா. அது எங்க சுத்திகினு கீதுன்னு கம்ப்யூட்டர் கிட்ட சொல்றது இது. விரல் மொத்தம் தான். சூடாச்சுன்னா வாய மூடிக்கும். கம்ப்யூட்டர் குருடாயிடும், வண்டி நின்னுடும். ஆறுச்சுன்னா மறுபடி பேசும். குறிப்பு எனக்கு வர்றதுக்குள்ள அழிச்சிட்றாங்க, நான் என்னாத்த பார்க்க?"

விக்ரம் தொண்டையைக் கனைத்தார். "சார், ஓட்டுற பழக்கத்தாலகூட இந்த மாதிரி..."

"இருக்கலாம்," என்றார் ராகவன். "பெண் ஓட்டுநர்கள் கிளட்ச்சை..."

இடது பக்கக் கதவு படாரென்று திறந்தது. பரந்தாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"இன்னா சார் பழக்கம்? நான் பக்கத்துல தான குந்திகினு இருந்தேன்? கியரு நூட்ரல்ல கீது. கைபிரேக் மேல கீது. அவ காலு ரெண்டும் கீழ கீது. வண்டி ஓடவே இல்ல, நின்னுகினு கீது. ஓட்டாத வண்டில ஓட்டுற பழக்கம் எங்கேந்து சார் வரும்?"

"ஐயா, நீங்க யாரு இதைச் சொல்ல?"

"நானா?" பரந்தாமன் நிமிர்ந்தார். "சிறந்த ஓட்டுநர். சர்டிபிகேட் கீது. உங்காளுங்க குட்தது, உங்க சீல் போட்டு. நான் சொல்றேன் எழுதிக்க. தப்பு வண்டி மேல. அவ மேல இல்ல. பூந்தமல்லிலேந்து அந்தப் பள்ளத்துல உன்ன குலுங்காம இட்டுகினு வந்தாளே, அப்ப எங்க போச்சு பழக்கம்?"

பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் தவறுதலாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

அதிகாரிகள் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது எல்லோர் முகத்திலும் நிம்மதி. விழா தொடங்கியது. ராகவன் பேசினார்:

"இன்று நான் அனுபவித்தது குறை அல்ல. ஒரு வாய்ப்பு. குறை என்று பதிவு செய்தால் நம் மூன்றாண்டு உழைப்பு வீணாகும். பதிவு செய்யாவிட்டால் வாடிக்கையாளர் மனம் நோகும். நிறைகுடம் இரண்டையும் விரும்பவில்லை. எனவே, இந்த ஆண்டின் நம்பிக்கை வாடிக்கையாளருக்கு, நம் நிறுவனத்தின் அன்புப் பரிசு!"

பட்டுத்துணி போர்த்திய தட்டில் ஒரு வெல்வெட் பெட்டி வந்தது. ராஜகுமாரி திறந்தாள். உள்ளே ஒரு புது கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார், மோதிரம் மாதிரி பளபளத்தது. பரிசு என்பதால் பழுதுபார்ப்புக் கணக்கில் வராது. பரிசை அப்துல் ரசாக் மேடைக்குப் பின்னால் கொண்டுபோய், டீ ஆறுவதற்குள் காரில் மாட்டிக் கொடுத்தார். குறை காணாத சென்டர் விருது, நாலாவது ஆண்டாக நிறைகுடத்துக்கே கிடைத்தது. மணி அடித்தது. ராஜகுமாரியும் கைதட்டினாள். பழகிவிட்டது.

வழியனுப்ப வந்த கிரண், ஜன்னலில் குனிந்தான். "அக்கா, மார்க்கு..."

"பத்து தான்பா. முன்னாடின்னு சொன்னியே, அதுக்கு."

திரும்பும் வழியில் அதே ஓ.டி. சிக்னல். அதே நெரிசல். கார் ஒரே சீராக உறுமிக்கொண்டு நின்றது. பரந்தாமனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் எத்திராஜ். "அண்ணாத்தே, இன்னாச்சு? நின்னுச்சாமே? சாவிய எப்ப வந்து வாங்கிக்கட்டும்?"

"இன்னா சாவி?" என்றார் பரந்தாமன். "அண்ணி ஓட்டிகினு கீறா. அப்புறம் பேசு." வைத்துவிட்டார்.

சிக்னல் இன்னும் சிவப்பு. ராஜகுமாரிக்கு நெஞ்சிலிருந்து மறுபடி அனல் கிளம்பியது. காது மடல் எரிந்தது. சொல்லித்தான் என்ன?

பரந்தாமன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"வர்தா?"

"ம்."

"எம்மா நேரம் இருக்கும்?"

"கொஞ்ச நேரம். தானா போய்டும்."

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். தன் பக்கத்து ஏசி வாய் இரண்டையும் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திருப்பிவிட்டு, ஜன்னல் வெயிலில் வேர்க்க வேர்க்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டார்.

பச்சை விழுந்தது.